கேபிள்காரன் சொன்ன சொல்

மகனே,

இங்கே யாரும் நலமில்லை. அதனால் நலமென்று எழுதித் தொடங்க எனக்குக் கை வரவில்லை. உன் அய்யாவுக்கு வலது கையில் இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. எனக்குத் தூக்கம் போய் நாளாகிவிட்டது. நீ துபாயில் முதலாளியிடம் லீவு கேட்டு டிக்கெட்டும் போட்டுவிட்டாய் என்று கேள்விப்பட்டதிலிருந்து கொஞ்சநஞ்சத் தூக்கமும் இல்லை. நீ எதற்கு வருகிறாய் என்று எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் கொண்டாட வரவில்லை. அய்யாவைப் பார்க்கவும் வரவில்லை. கேபிள்கார மிக்கேலை வெட்ட வருகிறாய். அதை நீ போனில் சொன்னபோது கத்தவில்லை பார், அதில்தான் நான் பயந்துபோனேன். நீ கத்தியிருந்தால் 'சரி, பயல் குதிக்கிறான், அடங்கிவிடுவான்' என்று விட்டிருப்பேன். 'வந்து பாத்துக்கிறேம்மா' என்று அவ்வளவு மெதுவாகச் சொன்னாய்.

போனிலேயே எல்லாவற்றையும் சொல்லலாம் என்றால் நீ எங்கே என்னைப் பேச விடுகிறாய்? 'சரிம்மா, வைம்மா' என்று பாதியில் கட் பண்ணிவிடுகிறாய். அதனால் எட்டாவது வரை படித்த படிப்பை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். தெருக்கோடி வீட்டுப் பையன் நாளைக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். முழுசாகப் படி. பாதியில் கிழித்துப் போட்டாய் என்று தெரிந்தால் என் முகத்தில் முழிக்காதே.

இந்த ஊரில் டிவிக்காக ரத்தம் சிந்துவது இன்றைக்கு ஆரம்பித்ததில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது இந்தத் தீவில் டிவி என்றால் சிலோன் டிவிதான். மெட்ராஸ் நமக்கு எட்டாது. கடலுக்கு அக்கரையில் இருப்பது எட்டும். உன் தாய்மாமன் வீட்டில்தான் முதல் பெட்டி வந்தது. ஓட்டுக்கு மேல் தென்னை உயரத்துக்குக் குழாயை நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, ஆளைக் கூரையில் ஏற்றி, 'தெரியுதா, தெரியுதா' என்று தெருவே அண்ணாந்து கத்தும். அப்புறம் கொடைக்கானல் மலையில் நம் நாட்டுக்காரர்களும் ஒரு டிவி டவர் வைத்தார்கள். அதோடு பிடித்தது சனியன். அந்தப் பக்கம் திருப்பினால் சிலோன் தமிழ்ப் படம், இந்தப் பக்கம் திருப்பினால் டெல்லிக்காரனின் இந்திப் பாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருத்தன் குழாயைத் திருப்ப, உன் மாமன் அவன் காலைப் பிடித்து இழுக்க, இரண்டு பேரும் ஓட்டோடு சரிந்து உள்ளே விழுந்தார்கள். அவனுக்குக் காறை எலும்பு போயிற்று. விழுந்த இடத்திலும் விடாமல் அவன் ஆன்டெனாக் குழாயைப் பிடுங்கி உன் மாமன் மண்டையைப் பிளந்தான். மாமன் நெற்றியில் இருக்கும் தழும்பு சுறா வாலால் அடித்தது என்று உன்னிடம் சொல்லி வளர்த்தோமே, சுறாவும் இல்லை கிறாவும் இல்லை. டிவிதான்.

பிறகு நம் தீவிலேயே வானத்தை முட்டுகிற மாதிரி டவர் கட்டினார்கள். டவர் காலடியில் இருக்கிறோம், இனி சண்டை ஓய்ந்தது என்று நினைத்தோம். அந்த நேரத்தில்தான் மிக்கேல் கேபிளைக் கொண்டுவந்தான். இன்றைக்கு நீ அவனைக் கொல்ல வேண்டும் என்கிறாய். அன்றைக்கு அவன் தோளில் ஒயர் சுருளை மாட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது முதலில் ஓடிப்போய்த் தென்னைமரத்தில் ஏறிக் கட்டிக் கொடுத்தது நீயும் ராயப்பனும். உனக்கு ஞாபகம் இருக்கும். ராயப்பன் உன்னோடு ஒன்றாகக் கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கியவன். ஒரே வெள்ளைச் சட்டையை இரண்டு வீட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு போட்டோ எடுத்தோம். நீ கடல் தாண்டிப் போனாய். அவன் மிக்கேலிடமே லைன்மேனாகத் தங்கிவிட்டான்.

மிக்கேல் ஆரம்பத்தில் நல்ல பையனாகத்தான் இருந்தான். நாம் கடலுக்குப் போகாத மாதத்தில் பாதி வாடகை வாங்குவான், சாவு வீட்டுக்கு அந்த மாதம் வாங்கமாட்டான். அப்புறம் ராம்நாட்டில் பெரிய கன்ட்ரோல் ரூம் வைத்திருப்பவர் இவன் கழுத்தைப் பிடித்தார், இவன் எங்கள் கழுத்தைப் பிடித்தான். 'பே சேனல்' என்றான், 'பாக்கேஜ்' என்றான், மாதாமாதம் ஏறிக்கொண்டே போயிற்று. அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் ரேஷன் கார்டுக்கு ஒரு கலர் டிவி இலவசமாகக் கொடுத்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் அந்த மாடு தின்கிற புல்லுக்கு மிக்கேலிடம் அல்லவா போய் நிற்க வேண்டியிருந்தது! டிவி இல்லாத வீட்டிலும் டிவி வந்ததும் அவன் வாடகையை இன்னும் ஏற்றினான். கடல் பாடு இல்லாத மாதத்தில் பிள்ளைகளுக்குப் பால் வாங்கினார்களோ இல்லையோ, கேபிளுக்கு அழுதார்கள்.

நான் அழமாட்டேன் என்று சொன்னேன். கோயில் முற்றத்தில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவனைக் கூப்பிட்டு நியாயம் கேட்டோம். மற்றவர்கள் நயமாகத்தான் கேட்டார்கள். நானும் முதலில் நயமாகத்தான் கேட்டேன். அவன் என்னைப் பார்த்து, மீன் விற்கிற உனக்கு எதற்கு இத்தனை சேனல், நீ போய்க் கருவாட்டைத் திருப்பிப் போடு என்றான். சந்தையிலிருந்து அப்படியே வந்திருந்தேன், தலையில் ஓலைப் பெட்டி இருந்தது. அதை எடுத்து அவன் தலையில் கவிழ்த்தேன். விற்காமல் மிஞ்சிய சாளை மீனும் கழிவுத் தண்ணீரும் அவன் சட்டைக்குள் இறங்கின. பெட்டி அவன் காதுவரை இறங்கி நின்றது, அதன் மேலேயே ஓங்கி ஒரு அடி. பெண்கள் சிரித்த சிரிப்பு கடற்கரை வரைக்கும் கேட்டதாம். அதற்காக நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கும் படவில்லை. மீன் விற்ற காசில்தான் உனக்கு பாஸ்போர்ட் எடுத்தோம்.

அன்று சாயங்காலமே உன் அய்யா வேலையை ஆரம்பித்துவிட்டார். ஒரே தடவை காசு கொடுத்து வாங்கி மாட்டினால் மாதாமாதம் யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டாத டிஷ் ஒன்று இருக்கிறது, அரசாங்கத்து டிஷ். சேனல் கம்மி. ஆனால் ஓசி. அதை வாங்கிவந்தார். உடைந்து கிடந்த வள்ளத்தின் பாய்மரத்தைக் கொல்லையில் நட்டு, உச்சியில் டவருக்கு ஒரு ஆன்டெனா, நடுவில் அந்த டிஷ் என்று கட்டினார். நம் வீட்டோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஒயர், எதிர் வீட்டுக்கு ஒயர், புருஷன் கடலில் போன மரியாள் வீட்டுக்கு ஒயர் என்று தெருவில் பாதியை இழுத்துக் கட்டிவிட்டார். இதில் ஒரு கூத்து என்னவென்றால் டிஷ்ஷின் செட்டாப் பாக்ஸ் நம் வீட்டில் ஒன்றுதான். நாம் வைக்கிற சேனல்தான் தெருவுக்கே. உன் அய்யா செய்தியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் பத்து வீட்டுப் பெண்கள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவரை வாய்க்கு வந்தபடி வைவார்கள். அவர் சிரித்துக்கொண்டே ரிமோட்டைத் தேடுவார். உன் அய்யா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மிக்கேலுக்குப் பொறுக்கவில்லை. அவன் ஆட்கள் பட்டப்பகலில் வந்து நம் ஒயரை எல்லாம் அறுத்துப் போட்டார்கள். உன் அய்யா மறுபடி இழுத்தார். அவர்கள் மறுபடி அறுத்தார்கள். கிரிக்கெட் ஆட்டம் ஒன்று உச்சத்தில் இருந்தபோது உன் அய்யா போய் மிக்கேலின் மெயின் ஒயரை அறுத்து, கம்பத்தில் இருந்த ஆம்ப்ளிஃபையர் பெட்டியைக் கழற்றி வடகடலில் எறிந்துவிட்டு வந்தார். ஊரே இருண்ட டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறகென்ன, கடற்கரையில் கைகலப்பு. அவன் பக்கம் கொஞ்சம் பேர், நம் பக்கம் கொஞ்சம் பேர். துடுப்பு, நங்கூரக் கயிறு, கல், கையில் எது கிடைத்ததோ அது. உன் சித்தப்பனுக்கு முன்பல் போயிற்று. மிக்கேலின் மச்சான் காது பாதி தொங்கியது. விலக்கிவிட வந்த பங்குச் சாமியாருக்கும் ஒரு அறை விழுந்து, கண்ணாடி உடைந்து, அவர் மணலில் உட்கார்ந்து தடவித் தேடிக்கொண்டிருந்தார். யார் அறைந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஊர்க் கமிட்டி கூடிப் பேசியது. பேச்சில் ஒன்றும் தீரவில்லை.

இனிமேல்தான் நீ நிறுத்திப் படிக்க வேண்டியது. உனக்குப் போனில் சொன்னவர்கள் எல்லாம் என்ன சொன்னார்கள்? மிக்கேல் ஆள் வைத்து உன் அய்யாவை வெட்டினான் என்று சொன்னார்கள். நானும் முதலில் அப்படித்தான் உன்னிடம் சொன்னேன். நான் பார்த்தது வேறு, பிறகு கேட்டது வேறு. இரண்டையும் எழுதுகிறேன்.

அன்றைக்குக் கச்சான் காற்று பேய் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. வள்ளம் ஒன்றும் இறங்கவில்லை. உன் அய்யா கரையில் உட்கார்ந்து வலையை மடியில் போட்டுப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். தூரத்தில் ராயப்பன் பைக்கை மணலில் அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு நடந்து வருவது தெரிந்தது. கையில் அருவாள். ஒயர் மேல் விழுகிற தென்னை மட்டையைக் கழிக்க அவன் எப்போதும் பைக்கில் வைத்திருப்பதுதான். கழிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். உன் அய்யாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வலையில் குனிந்தார். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்துக்குத்தான் ஓங்கினான். நிழல் ஆடியதில் உன் அய்யா கையைத் தூக்கினார். முழங்கைக்குக் கீழே இறங்கியது. தோல் பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்ததை நான் பார்த்தேன். அடுத்த வெட்டு வலையில் விழுந்து மாட்டிக்கொண்டது. அவன் இழுக்க இழுக்க வலையும் அருவாளும் ஒன்றாகச் சுற்றின. அந்த வலை இல்லையென்றால் நீ இப்போது எனக்கு வெள்ளைச் சேலை எடுக்க வருவாய்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. கையில் துடுப்பு இருந்தது. முதல் அடியில் அவன் கீழே விழுந்துவிட்டான். விழுந்தவனை அடிக்கக் கூடாது என்பார்கள், நான் அடித்தேன். முழங்காலில் அடித்தேன், முதுகில் அடித்தேன், அவன் கையால் தலையை மூடியபோது அந்தக் கையிலேயே அடித்தேன். விரல் ஒடிகிற சத்தம் கேட்டது. கொன்றுவிடத்தான் அடித்தேன், பொய் சொல்ல மாட்டேன். நிறுத்தச் சொன்னது உன் அய்யாதான். தன் ரத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "போதும்டி, செத்துருவான்" என்றார். அப்போதுதான் ராயப்பன் வாயிலிருந்து பேச்சு வந்தது. "அண்ணன் வெட்டிட்டு வான்னு போன் பண்ணுனாரு" என்று அழுதான். சாராய நாற்றம் குப்பென்று அடித்தது. கூடி நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. அதுதான் உனக்கும் வந்து சேர்ந்தது. அவன் நொண்டிக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போய்த் தானாக உட்கார்ந்துவிட்டான். இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

மிக்கேல் அந்த நேரத்தில் ஊரிலேயே இல்லை. வாடகையைக் குறைக்கச் சொல்லி கன்ட்ரோல் ரூம்காரரிடம் கெஞ்ச ராம்நாட்டுக்குப் போயிருந்தான். உன் அய்யாவை நாங்கள் ராம்நாட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கேயே ஓடிவந்து நின்றான். வராந்தா என்றும் பார்க்காமல் செருப்பைக் கழற்றி அவனை அடித்தேன். நர்சம்மா வந்து பிடித்தாள், அவளையும் தள்ளிவிட்டேன். அவன் தடுக்கவே இல்லை. மூக்கிலிருந்து ரத்தம் வழிய வழிய ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். "அக்கா, லைனைத்தான் சொன்னேன். அவன் லைனை வெட்டிட்டு வாலேன்னுதான் சொன்னேன்." நாசமாய்ப் போகிறவன், மாட்டிக்கொண்டதும் கதை கட்டுகிறான் என்று இன்னும் இரண்டு போட்டேன்.

உன் அய்யாவுக்குப் பேச்சு வந்ததும் அவனை உள்ளே கூப்பிடச் சொன்னார். என்னை வெளியே போகச் சொன்னார். என்ன பேசினார்களோ. அடுத்த நாள் இன்ஸ்பெக்டர் வந்து கேட்டபோது, மிக்கேல் லைனைத்தான் வெட்டச் சொன்னான், ஆளைச் சொல்லவில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கொண்டுபோன கஞ்சியைச் சுவரில் அடித்தேன். உமக்குக் கைதான் போயிற்று என்று நினைத்தேன், புத்தியும் போயிற்றா என்று கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர் நிதானமாக, நம்பாவிட்டால் நீயே போய்க் கேட்டுப் பார் என்றார்.

கேட்டுப் பார்த்தேன். மிக்கேலைப் பொய்யனாக்கி, அய்யா முன்னால் நிறுத்தத்தான் பார்த்தேன். அவனை ராம்நாட்டிலேயே இருக்கச் சொன்னேன். ராயப்பன் அன்றைக்கு எங்கே நின்று போன் பேசினானோ, அதே தென்கடல் ஓரத்தில், அதே கச்சானில் நான் போய் நின்றேன். போன் பண்ணி, அன்று சொன்னதை அன்று சொன்ன மாதிரியே சொல்லு என்றேன். வேண்டாம் அக்கா என்றான். சொல்லுடா எடுபட்ட பயலே என்று கத்தினேன். சொன்னான். லைன் என்று தெளிவாகத்தான் கேட்டது. மறுபடி சொல்லு என்றேன். மறுபடியும். காற்று ஒரு சுற்றுச் சுற்றி அடித்தபோது போனில் சொல் விட்டு விட்டு வந்தது. 'அவன்' என்றது கேட்டது, 'லை' விழுந்துவிட்டது, 'னை வெட்டிட்டு வாலே' என்றது கேட்டது. அவனை வெட்டிட்டு வாலே. என் காதில், என் புருஷனை வெட்டச் சொல்லி அவன் சொல்கிற மாதிரியே கேட்டது. ஆனால் அவன் அந்தப் பக்கம் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். போனைக் கடலில் எறிந்துவிடலாம் போல இருந்தது. மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்காக மிக்கேலை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. எனக்கு அவன் மேல் இன்னும் வெறி இருக்கிறது. காலையில் உன் அய்யா இடது கையால் டம்ளரைத் தூக்கி வேட்டியில் சிந்தும்போது, இப்போதே போய் அவன் குடலை உருவ வேண்டும் என்று தோன்றுகிறது. வெட்டுப்பட்ட கையில் விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மடங்காத விரல் வலையை இழுக்காது. இது எனக்குத் தெரியாததா? ஆனால் ஒன்று கேட்கிறேன், நீயே சொல். ஒயரைக் கழற்று என்று சொல்லக் கூடாதா, நிறுத்து என்று சொல்லக் கூடாதா? கேபிள் தொழிலில் எல்லோரும் வெட்டு என்றுதான் சொல்கிறார்கள். சரி, நாம் மட்டும் என்ன ஒழுங்கு? மிக்கேலை வெட்டுவேன் என்று உன் அய்யா அந்த ஒரு மாதத்தில் தெருவெல்லாம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! வீட்டுக்கணக்கு எழுதாததற்கு உன்னை வெட்டிக் கூறு போட்டுக் கடலில் எறிவேன் என்று நான் சொன்னதில்லையா? கொன்றுவிடுவேன், வெட்டிவிடுவேன், கொளுத்திவிடுவேன் என்று விடிந்ததிலிருந்து படுக்கும்வரை பேசுகிற ஊர் இது. இந்த ஊரில் குடித்திருக்கிற ஒருத்தனுக்கு எந்த வெட்டு நிஜ வெட்டு என்று எப்படித் தெரியும்? எதை என்று அவன் திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் அய்யாவுக்குக் கை இருந்திருக்கும். ராயப்பன் கேட்கவில்லை. உன்னையும் கேட்காதவனாக வளர்த்துவிட்டேனோ என்றுதான் பயமாக இருக்கிறது.

இடையில் ஒன்று. பெரிய கம்பெனிக் குடை டிஷ் வாங்க ஆள் அனுப்புகிறேன், மாதாமாதம் நானே அங்கிருந்து ரீசார்ஜ் பண்ணிவிடுகிறேன், யார் தயவும் வேண்டாம் என்றாயாம் உன் தங்கையிடம். வேண்டாம். நம் பாய்மரம் நிற்கிறது. அறுந்த ஒயரை எல்லாம் மரியாள் வீட்டுப் பெண்கள் சேர்ந்து முடிந்து கட்டிவிட்டார்கள், தெருவில் பாதி வீட்டில் படம் தெரிகிறது. உன் குடை நம் ஓட்டுக்கு மேல் விரிந்தால் நமக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் காசில் அய்யாவுக்குக் கை பிடித்துவிடுகிற ஆளைத் தேடு.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். நேற்றுக் காலை உன் கூட்டாளிகள் சேவியரும் லூர்துவும் நம் வாசலில் வந்து நின்றார்கள். உட்காருங்கடா என்றேன், உட்காரவில்லை. சேவியர் கக்கத்தில் சாக்குச் சுற்றி ஒன்றை இடுக்கியிருந்தான். அது என்ன என்று நான் கேட்கவில்லை, அதன் நீளம் எனக்குத் தெரியும். நீ முந்தின நாள் அவர்களுக்குப் போன் பண்ணினாயாம். நீ வருகிற வரைக்கும் கவனித்துக்கொள்ளச் சொன்னாயாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம். அந்த மட்டும் புண்ணியம்.

கவனிப்பதில் நம் ஊரில் இரண்டு உண்டு. சோறு போட்டு, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வதும் கவனிப்புதான். இருட்டில் மறித்துக் கை காலை எடுப்பதும் கவனிப்புதான். "யாரைக் கவனிக்கச் சொன்னான்?" என்று கேட்டேன்.

"அவனைக் கவனிச்சுக்கங்கடான்னான், மாமி" என்றான் சேவியர்.

லூர்து தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஸ்பீக்கரில்தான் போட்டுக் கேட்டார்களாம். "எனக்கு அவரைன்னு கேட்டுச்சு" என்றான் லூர்து.

சேவியர் அவனை முறைத்தான். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவன் என்றால் மிக்கேல். அவர் என்றால் உன் அய்யா. நடுவில் ஒரே ஒரு எழுத்து. நீ எந்த எழுத்தைச் சொல்லியிருப்பாய் என்று உன்னைப் பெற்ற எனக்குத் தெரியாதா? ஆனாலும், "லூர்துக்குத்தான் சரியாக் கேட்டிருக்கு. அவரைத்தான் சொல்லியிருக்கான். உள்ள வாங்க, இன்னும் குளிப்பாட்டல" என்றேன்.

சேவியர் சாக்கை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டான். நான் கையை நீட்டினேன். சாக்கோடு என் கையில் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். கிணற்றடியில் உன் அய்யாவை உட்கார வைத்து, கட்டின் மேல் தண்ணீர் படாமல் சேவியர் அவர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். லூர்து தண்ணீர் ஊற்றி முதுகு தேய்த்தான். பிறகு அவனே முகமும் மழித்துவிட்டான். வெட்டுப்பட்ட நாளிலிருந்து மழிக்காத தாடி. உங்களுக்கு எதற்குடா இந்த வேலை என்று அய்யா கேட்டார். ஒங்க மகன்தான் சொன்னான் என்றான் லூர்து.

வெட்டு விழுந்த அன்று உன் அய்யா அழவில்லை. விரல் மடங்காது என்று சொன்ன அன்றும் அழவில்லை. நேற்றுச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அவர்கள் போன பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, "எம் மகன் அங்கன இருந்துக்கிட்டு என்னையக் கவனிக்கச் சொல்லியிருக்கானாடி?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்று காலையும் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள், கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்கிறது. நீ வா. டிக்கெட்டை மாற்றாதே. வந்ததும் உன் அய்யா உன்னிடமும் அதைக் கேட்பார். நீயும் ஆமாம் என்று சொல்.

உன் அம்மா